ஈரல் அதிர்ஷ்டம்

மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். குத்துவிளக்கு அணைந்துவிடக் கூடாதாம். விளக்கேற்றி, தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நின்று உட்கார்ந்து, வரவேற்புரையும் பாதி தாண்டிவிட்டது. நிறுத்திய விசிறியைத் திரும்பப் போட வேண்டும் என்று இந்தக் கூடத்தில் இருக்கும் இத்தனை முனைவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நான் மேடையில் இருக்கிறேன், மேடையில் இருப்பவள் எழுந்துபோய்ச் சுவிட்சைத் தட்டினால் மரியாதையாக இருக்காது. ஆகவே வேர்க்கிறது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நடு நாற்காலியில் பூத்துண்டு விரித்திருக்கிறார்கள், அது துணைவேந்தருக்கு. அவர் வர நேரமாகும், நீங்கள் ஆரம்பித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம், பதிவாளர்தான் விளக்கேற்றினார். துண்டு மட்டும் சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் பின்னால் தொங்கும் பேனரில் நானும் இருக்கிறேன், அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள், அதில் நான் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி இருக்கிறேன். முனைவர் ஜெனோவா, விலங்கியல் துறை. தலைக்கு மேல் தங்க எழுத்தில் நூறாவது விண்ணப்பம், சாதனை விழா. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நிதி வழிகாட்டு மையம் என்று ஒன்று இருக்கிறது. அறிவியல் ஆராய்ச்சிக்கு அரசு கொடுக்கும் நிதியைக் கேட்டு ஆசிரியர்கள் எழுதும் விண்ணப்பங்களைத் திருத்தி, செப்பனிட்டு, அனுப்பி வைப்பது அதன் வேலை. இதுவரை தொண்ணூற்றொன்பது அனுப்பியிருக்கிறார்கள். என்னுடையது நூறாவது. தொண்ணூற்றொன்பதில் எத்தனைக்கு நிதி வந்தது என்று பேனரில் இல்லை. மூன்றுக்கு வந்தது. அதில் ஒன்று மையத்தின் இயக்குநருடையது. மேடையின் ஓரத்தில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் மடிக்கணினி, அதன் மூடியில் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு சாமந்தியும் செருகியிருக்கிறார்கள். நான் நன்றியுரை சொல்லி முடித்ததும் துணைவேந்தர் அதில் ஒரு பொத்தானை அழுத்துவார், என் விண்ணப்பம் போய்விடும், எல்லாரும் கை தட்டுவார்கள். இணையதளம் இன்றைக்கு ஐந்தரைக்கு மூடுகிறது. இப்போதே நாலரை ஆகப்போகிறது, பூத்துண்டு இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.

நான் ஆராய்வது ஒரு புழுவை. ஆட்டின் கல்லீரலுக்குள், பித்தக் குழாயில் குடியிருக்கும் தட்டைப்புழு. இலை மாதிரி இருக்கும், வெட்டிய ஈரலை விளக்கடியில் பிரித்தால் மெல்ல ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும். எனக்கு அந்தப் புழுவைப் பிடிக்கும். இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுத முடியாது. ஆட்டுக்குள் போவதற்கு முன்னால் அது வாய்க்கால் நத்தைக்குள் வளரும், நத்தையை விட்டு வெளியே வந்து கரைப் புல்லில் ஒட்டிக்கொள்ளும், ஆடு புல்லைத் தின்னும். பிறகு ஆட்டுக்குத் தாடையின் கீழே நீர் கோத்துப் பை மாதிரித் தொங்கும், ஒருநாள் படுத்துவிடும். ஆங்கிலத்தில் இதற்கு லிவர் ஃப்ளூக் என்று பெயர். ஆங்கிலக்காரனுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லை போல, ஃப்ளூக் என்பதற்குக் குருட்டு அதிர்ஷ்டம் என்றும் ஒரு பொருள் வைத்திருக்கிறான். ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் புழுவையும் அதிர்ஷ்டத்தையும் குழப்பிக்கொள்ளாது. மையத்தின் கருவி குழப்பிக்கொண்டது. அவர்களிடம் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, எழுதியதில் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று விழுக்காடு சொல்லும். பத்துக்கு மேல் போனால் மையம் அனுப்பாது. இன்னொன்று, பத்துக்கு மேல் போனதை எடுத்து வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பத்துக்குக் கீழே இறக்கிக் கொடுக்கும். போன வருஷம் என் விண்ணப்பத்தை அதில் போட்டு எடுத்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிராகரித்த மின்னஞ்சலோடு இணைத்து வந்த பிரதியில்தான் நான் பார்த்தேன். கல்லீரல் அதிர்ஷ்டத்தால் நமது மாநிலத்தில் ஆண்டுதோறும் ஏராளமான ஆடுகள் இறக்கின்றன. ஆட்டுப் புழுக்கையில் அதிர்ஷ்டத்தின் முட்டைகள் எண்ணப்படும். அதிர்ஷ்டத்தை அடியோடு ஒழிப்பதே இத்திட்டத்தின் இறுதி நோக்கம். ஆங்கிலத்தில் இதையெல்லாம் படித்தபோது முதலில் சிரித்தேன், என் துறைக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தேன், அது எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்கே தெரியாது. கீழே மதிப்பீட்டாளர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். விண்ணப்பதாரருக்குத் தாம் ஆராயப்போகும் உயிரியின் பெயரே தெரியவில்லை. யாரோ ஒருவர், எந்த ஊரிலோ, காபியைக் குடித்துக்கொண்டே அந்த வரியை எழுதியிருப்பார், பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியும் இருப்பார். எழுதியது யார் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். எழுதியவருக்கு என் பெயர் தெரியும். பாத்திரம் தேய்க்கும்போது, வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கும்போது அந்த வரி வரும். பெயரே தெரியவில்லை.

வரவேற்புரை முடிந்துவிட்டது, கை தட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன். இப்போது மையத்தின் இயக்குநர் அறிக்கை வாசிக்கப் போகிறார். தவசிமுத்து சார். இயற்பியல்காரர், நல்ல உயரம், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். என் அப்பா இறந்தபோது முதல் ஆளாக வந்து பந்தலுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர். போன வருஷம் அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். படித்தார், இரண்டு இடத்தில் அவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மேடம், கருவிக்குப் புழுவைத் தெரியுமா பூச்சியைத் தெரியுமா, நாம கண்ணு வச்சுப் பாத்திருக்கணும் என்றார். நாம. நாங்க என்று சொல்லவில்லை. தமிழில் இந்த ஒரு வசதி இருக்கிறது, எதிரில் இருப்பவரைச் சேர்த்தும் சொல்லலாம், சேர்க்காமலும் சொல்லலாம். அறிக்கை வாசிக்கும்போது பாருங்கள், நாங்கள் அனுப்பினோம், நாங்கள் பயிற்சி அளித்தோம், நாங்கள் சாதித்தோம். தப்பு நடந்த இடத்தில் மட்டும் நாம. நானும் உள்ளே. அன்றைக்கு நான் அதைத் தட்டிக் கேட்கவில்லை, சரி சார் என்று வந்துவிட்டேன், வரும்போது இதை நாலு பேர்ட்டச் சொல்லிட்டு இருக்காதீங்க என்றார், அதற்கும் சரி சார்.

இந்த வருஷம் விட்டால் எனக்கு வேறு வருஷம் இல்லை. இந்த நிதி நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு, எனக்கு அடுத்த மாதம் நாற்பது. பெரிய திட்டங்களுக்குக் கேட்கலாமே என்பார்கள். அதற்கு ஏற்கெனவே ஒரு திட்டம் செய்த அனுபவம் வேண்டும். கல்யாணமானவர்களுக்கு மட்டும்தான் பெண் கொடுப்போம் என்கிற மாதிரி ஒரு விதி. ஆகவே இந்த முறை நானே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்தி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கருவியில் போட்டார்கள், நாற்பத்தொன்று விழுக்காடு என்றது. எங்கிருந்து எடுத்தது என்று காட்டும் கட்டத்தில் என் பெயர். போன வருஷம் நான் கொடுத்த வரைவை அது விழுங்கி வைத்திருக்கிறது, ஜெனோவா என்பவளிடமிருந்து ஜெனோவா திருடிவிட்டாள். என்னிடமிருந்து நான் திருடினால் போலீஸ் யாரைப் பிடிக்கும் என்று கேட்டேன். தவசிமுத்து சார் சிரித்தார். சொந்தமா எழுதுனதுதானே மேடம், ஒரு விளக்கக் கடிதம் வச்சு அப்படியே அனுப்பிருவோம், ஒரு எழுத்தத் தொட மாட்டோம் என்றார். கொஞ்சம் பொறுத்து, பேனாவைத் திறந்து மூடிக்கொண்டு, நூறாவது உங்களோடதுங்கறதால விழாவுல நீங்கதான் நன்றியுரை, மையத்தப் பத்தி நாலு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க, வி.சி. வாராரு என்றார். இரண்டையும் அவர் ஒரே வாக்கியமாகச் சொல்லவில்லை. நடுவே ஒரு மூச்சு விட்டார். ஆனால் எனக்குக் கேட்டது ஒரே வாக்கியமாகத்தான். நானே அனுப்பிக்கொள்ள முடியாது, நிறுவனத்தின் கணக்கிலிருந்துதான் போக வேண்டும், அதன் கடவுச்சொல் மையத்தில் இருக்கிறது. ஆக, இந்தப் பட்டுச்சேலை, இந்த வேர்வை, மடியில் இருக்கிற இந்த நன்றியுரைத் தாள். ஒரு எழுத்தைத் தொட மாட்டோம். அதைத்தான் நான் ஜெபமாலை மாதிரி உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஈரல் வாசனை அடிக்கிறதா? காலையில் சோப்புப் போட்டுத் தேய்த்துத்தான் குளித்தேன், ஆனாலும் விரல் இடுக்கில் இருக்கும், மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கறிக்கடை காஜா பாய் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார், டீச்சர், ஒங்க ஆளுவ வந்திருக்காவ என்பார். புழு விழுந்த ஈரலை அவர் விற்க மாட்டார், எனக்கு எடுத்து வைப்பார். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டு என் கணவர் முதல் தடவை யார் அந்த ஆளுங்க என்று பயந்துபோனார். ஒரு மழைக்காலத்தில் காஜா பாய்தான் கேட்டார், என்ன டீச்சர், தெக்கு வாய்க்கா ஆட்டுல மட்டும் ஒங்க ஆளுவளக் காணோமே என்று. போய்ப் பார்த்தேன். அந்த வாய்க்காலில் நத்தை இருக்கிறது. அதே நத்தை. கரையில் ஆடு மேய்கிறது. புழு மட்டும் இல்லை. அடுத்த மழைக்கும் போனேன், இல்லை. அந்த நத்தைக்குள் என்னவோ இருக்கிறது, புழுவை உள்ளே விட மாட்டேன் என்கிறது. என்ன அது? தண்ணீரா, நத்தை தின்னும் பாசியா, நத்தையின் ரத்தமா? எனக்குத் தெரிய வேண்டும். பதவி உயர்வுக்கு வேண்டாம், பேனருக்கு வேண்டாம், செத்துப்போவதற்குள் அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு குளிர்பதனப் பெட்டி ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், ஒரு நல்ல நுண்ணோக்கி வேண்டும், நத்தை வளர்க்க ஒரு அறை வேண்டும். அறை இருந்தது. ஒட்டுண்ணி ஆய்வுக்கூடம் என்று எங்கள் துறையில் ஒரு நீளமான அறை, கல் மேசைகள், தண்ணீர்க் குழாய் எல்லாம் இருந்தது. அதைத்தான் காலி செய்து, குளிர்சாதனம் போட்டு, சுழல் நாற்காலி போட்டு, மையமாக ஆக்கினார்கள். ஆராய்ச்சிக்கு உதவி செய்ய ஆய்வுக்கூடத்தைக் காலி செய்த பல்கலைக்கழகம் உலகத்தில் வேறு இருக்கிறதா என்று யாராவது ஆராயலாம், அதற்கு நிதி கிடைக்கும். என் குளிர்பதனப் பெட்டி மாடிப்படிக்குக் கீழே வந்துவிட்டது. ஆசிரியர் தினத்துக் கேக்கை ஈரல்களுக்கு மேலே வைத்திருந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டார்கள், சுவை நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள், நான் சர்க்கரை ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

துணைவேந்தர் வந்துவிட்டார். எல்லாரும் எழுகிறோம். அவருக்காக விசிறியைப் போடுகிறார்கள், விளக்கு அணைகிறது, பதறிப்போய் விசிறியை நிறுத்துகிறார்கள், விளக்கைத் திரும்ப ஏற்றுகிறார்கள். மணி என்ன? பதிவாளரின் கைக்கடிகாரம் தலைகீழாகத் தெரிகிறது, ஐந்தை நெருங்குகிறது. துணைவேந்தர் சுருக்கமாகப் பேசுகிறேன் என்று ஆரம்பித்திருக்கிறார். சுருக்கமாக என்றவர்கள் யாரும் சுருக்கியதில்லை. அவர் ஜப்பானுக்குப் போய் வந்ததைச் சொல்கிறார். அங்கே ரயில் நேரத்துக்கு வருகிறதாம். இந்திய விஞ்ஞானி கேட்கத் தெரியாதவன், கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்த மையம் என்கிறார். கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள், ஆமாம். இரண்டு நாள் பயிற்சி முகாமில் வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார், புழு என்றெல்லாம் எழுதாதீர்கள், படிக்கிறவர் முகம் சுளிப்பார் என்றார், பிறகு இதில் செயற்கை நுண்ணறிவு எங்கே இருக்கிறது என்று கேட்டார். புழுவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் சார் என்றேன். அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும், அதுக்குப் பேருதானே ஆராய்ச்சி என்றார், கூடம் முழுக்கச் சிரித்தது. மதியம் பிரியாணி போட்டார்கள். ஐந்து தாண்டியிருக்கும். ஜப்பான் முடிந்து ஜெர்மனிக்குப் போகிறார். இணையம் நின்றுவிட்டால்? கரண்ட் போய்விட்டால்? கடைசி அரைமணியில் நாட்டில் இருக்கிற எல்லாரும் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்துவார்கள், தளம் சுற்றிக்கொண்டே இருக்கும், எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நேற்றே அனுப்பியிருக்கலாம், காலையில் அனுப்பியிருக்கலாம். என் நாற்பதாவது வயதை ஒரு சாமந்திப் பூவுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு இவர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள். நான் இவர்கள் எல்லாரையும் வெறுக்கிறேன். முன் வரிசையில் பற்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டிருக்கும் வேதியியல் பேராசிரியரை, படம் எடுக்கிறவரை, அந்தத் துண்டை.

சொல்லிவிடலாம். இந்த எண்ணம் காலையிலிருந்து தொண்டையில் ஒரு மாத்திரை மாதிரி நிற்கிறது, உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஒலிவாங்கி என் கைக்கு வரும். துணைவேந்தர் இருப்பார், நூற்றுக்கணக்கான பேர் இருப்பார்கள். சென்ற ஆண்டு இந்த மையம் என் விண்ணப்பத்தை என்ன செய்தது தெரியுமா என்று ஆரம்பித்து, அந்த வரிகளை அப்படியே வாசிக்கலாம், ஆட்டுப் புழுக்கையில் அதிர்ஷ்டத்தின் முட்டைகள். சிரிப்பு அடங்க வெகுநேரமாகும். தவசிமுத்து சாரின் முகம். அப்புறம்? அப்புறம் பொத்தானை யார் அழுத்துவார்? துணைவேந்தர் எழுந்து போய்விடுவார், மடிக்கணினி பூவோடு மூடியிருக்கும், ஐந்தரை அடிக்கும். நான் நியாயத்தோடு வீட்டுக்குப் போவேன். நியாயத்தை மாடிப்படிக்குக் கீழே குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். தெற்கு வாய்க்கால் நத்தை அதுபாட்டுக்கு இருக்கும். வேண்டாம், நன்றி சொல்லிவிடலாம், நாலு வார்த்தைதானே, வாய்தானே. நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இதைவிட நம்பாததையெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆனால் வாய் என்று தனியாக ஒன்று உண்டா என்ன, அதுவும் என்னோடுதானே வீட்டுக்கு வரும். இல்லை, சொல்லிவிடலாம். இல்லை. ஒரு எழுத்தைத் தொட மாட்டோம் என்றாரே. அப்பாவுக்குப் பந்தல் போட்ட மனிதர். தாளைப் பார்க்கிறேன், யாருக்கு முதலில், யாருக்கு அடுத்தது என்று எண் போட்டு எழுதியிருக்கிறேன். துணைவேந்தர், பதிவாளர், தேர்வாணையர், புலமுதல்வர்கள். இந்த வரிசையில் ஒருவர் இடம் மாறினாலும் மன்னிக்க மாட்டார்கள். புழு அதிர்ஷ்டமாக மாறினால் மன்னிப்பார்கள்.

என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். எழுந்தேன், சேலையைச் சரிசெய்தேன், ஒலிவாங்கிக்குப் போனேன். எதிரே முகங்கள் வேர்வையில் பளபளத்தன, எல்லாருக்கும் டீ நினைப்பு. மாண்பமை துணைவேந்தர் அவர்களே என்று என் குரல் கேட்டது, நல்ல குரல், வகுப்பில் கடைசி பெஞ்ச் வரை போகிற குரல். பதிவாளருக்கு நன்றி. தேர்வாணையருக்கு நன்றி. ஒலிபெருக்கி அமைத்தவருக்கு, மலர் கொண்டுவந்தவருக்கு, சிற்றுண்டி தந்தவருக்கு. கடைசியாக மையத்துக்கு வந்தேன். மாத்திரை தொண்டையில் உருண்டது. தவசிமுத்து சார் என்னைப் பார்த்தார், ஒரு நொடி அவருக்குப் பயம் வந்ததை நான் பார்த்தேன், இதை என்னிடமிருந்து இறுதிவரை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. பிறகு சொன்னேன்.

"நான் வெறும் புழுவைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இந்த மையம்தான் அதை எனக்கு அதிர்ஷ்டமாக மாற்றிக் கொடுத்தது."

கூடம் கை தட்டியது. துணைவேந்தர் தலையை ஆட்டி ரசித்து, அழகாச் சொன்னாங்க என்று பதிவாளரிடம் சொன்னது ஒலிபெருக்கியில் கேட்டது. புரிந்த ஒரே மனிதர் தவசிமுத்து சார். அவரும் தட்டினார், நன்றாகவே தட்டினார், முகத்தில் ஒரு நிம்மதி. என் கோபம் முழுவதையும் சேர்த்து வைத்து எறிந்தது அவ்வளவுதான், அது ஒரு மாலையாகப் போய் அவர் கழுத்தில் விழுந்துவிட்டது. எனக்கு என்மேல் வந்த வெறுப்புக்கு இந்தக் கூடம் போதாது. பரவாயில்லை, போகட்டும், விலை கொடுத்தாகிவிட்டது, பொருளைக் கொடுங்கள் என்று மடிக்கணினியைப் பார்த்தேன்.

துணைவேந்தர் பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது. என் உயிர் அந்த வட்டத்தோடு சுற்றியது. பிறகு பச்சை எழுத்தில் பெறப்பட்டது என்று வந்தது. ஐந்தேகால்தான் ஆகியிருந்தது. ஒலிவாங்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன், அழுகை வந்தது, நல்ல அழுகை, எல்லாரையும் மன்னித்துவிடலாம் போல ஓர் அழுகை. பல்குத்தும் வேதியியலைக்கூட. தவசிமுத்து சார் என்னருகே வந்து ஒலிவாங்கியை லேசாகத் தன் பக்கம் வளைத்தார். இன்னொரு மகிழ்ச்சியான செய்தி என்றார். நூறாவது விண்ணப்பத்தின் ஒப்புமை விழுக்காடு வெறும் நான்கு, மையத்தின் வரலாற்றிலேயே இதுதான் மிகக் குறைவு என்றார். கை தட்டினார்கள். நாட்டுப்பண் தொடங்கியது.

நான்கு. நேராக நின்றேன், கை இரண்டும் உடம்போடு ஒட்டி. நாற்பத்தொன்றைத்தான் வாய் தவறி நான்கு என்று சொல்லிவிட்டாரோ. நாலில் ஆரம்பிக்கிற எண்தானே. வேறு யாருடையதோ எண்ணை வாசித்துவிட்டாரோ. நாற்பத்தொன்று தானாகக் குறையாது. வார்த்தைகள் மாறினால்தான் குறையும். நான்கு வரை குறைய வேண்டுமென்றால் அநேகமாக எல்லா வார்த்தையும் மாறியிருக்க வேண்டும். எல்லாருடைய உதடும் பாட்டோடு அசைகிறது, என்னுடையதும் அசைகிறது. நத்தைக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள், வாய்க்காலுக்கு என்ன, ஈரலுக்கு என்ன? பாடும்போது அசையக் கூடாது, திரும்பக் கூடாது, கேட்கக் கூடாது. பச்சை எழுத்து திரையில் அப்படியே நிற்கிறது, பெறப்பட்டது, பெறப்பட்டது. எந்த ஊரிலோ யாரோ ஒருவர் காபியைக் கலக்கிக்கொண்டிருப்பார். அனுப்பியதைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. ஜெய ஹே முடிந்தது.

கூட்டம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பின்வாசலுக்கு, போண்டாவுக்கு நகர்ந்தது. துணைவேந்தரைப் பதிவாளர் அழைத்துக்கொண்டு போனார். நானும் தவசிமுத்து சாரும் ஒலிவாங்கிக்கு இருபுறமும் நின்றோம்.

"எழுத்தத் தொட மாட்டோம்னு சொன்னீங்க சார்" என்றேன்.

"நாப்பத்தொண்ண வச்சுக்கிட்டு வி.சி. கையால எப்படிம்மா அனுப்ப? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க." குரலில் குற்றமே இல்லை, மகளுக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார். "ஆனா போன தடவ மாதிரி விட்டுரல. மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூடப் போகாம நானே உக்காந்து தேடிப் பாத்தேன். லக்குங்கிற வார்த்தை மொத்தத்துலயும் ஒரு இடத்துல கிடையாது. உங்களுக்காகத்தான்."

அவர் உண்மையாகவே சாப்பிடவில்லை என்று காய்ந்திருந்த உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"அப்ப அந்த இடத்துல என்ன சார் இருக்கு?"

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பேனாவைத் திறந்து மூடினார். "அதுக்கு அது வேற ஒண்ணு குடுத்துச்சே" என்றார். பிறகு ஞாபகம் வந்துவிட்டது, முகம் மலர்ந்தது.

"ஆக்சிடென்ட்."

ஒலிவாங்கியை யாரும் அணைக்கவில்லை. அந்தச் சொல் கூடத்தின் நான்கு மூலையிலிருந்தும் கேட்டது. பின்வாசலில் தட்டோடு நின்றவர்கள் திரும்பினார்கள். வேதியியல் பேராசிரியர் பற்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பாதி தூரம் ஓடி வந்தார்.

"ஆக்சிடென்டா? யாருக்கு மேடம்?"

"ஆட்டுக்கு" என்றேன்.

"நல்லவேளை, பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் போண்டா தீர்ந்துவிடுவதற்குள் திரும்பிப் போனார்.